நிறுத்தத் தெரிந்த டாக்டர்

ஈரல் மாற்று சிகிச்சை பிறந்த கதை

1963-ம் ஆண்டு, மார்ச் 1-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள டென்வர் நகரம்.

ஆபரேஷன் மேஜையில் 3 வயதுச் சிறுவன் ஒருவன் கிடந்தான். ஈரலில் இருந்து பித்தநீர் இறங்கும் குழாய் அவனுக்குப் பிறவியிலேயே சரியாக அமையவில்லை. ஈரல் கெட்டுப் போயிற்று. அதை எடுத்துவிட்டு, இறந்த ஒருவரின் ஈரலை வைக்க முயன்றார், டாக்டர் தாமஸ் ஸ்டார்சல்.

மனிதருக்கு நடந்த முதல் ஈரல் மாற்று ஆபரேஷன் அதுதான்!

ஆனால், சிறுவன் பிழைக்கவில்லை. ரத்தம் நிற்காமல் கொட்டியது. மேஜையிலேயே உயிர் பிரிந்தது.

காரணம் என்ன? ரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை உண்டாக்குவதே ஈரல்தான். அது கெட்டிருக்கும்போது கத்தி பட்டால், ரத்தம் எளிதில் நிற்காது.

அதே ஆண்டில் இன்னும் 4 பேருக்கு ஸ்டார்சல் ஈரல் மாற்றினார். ஒருவர்கூட ஒரு மாதத்தைத் தாண்டவில்லை.

கத்தியைக் கீழே வைத்தார்

ஸ்டார்சல் ஆபரேஷனை நிறுத்தினார். சுமார் 3 ஆண்டுகள் எவருக்கும் ஈரல் மாற்றவில்லை. ஆராய்ச்சியில் இறங்கினார்.

அயலார் உறுப்பை நம் உடல் பகையாக எண்ணி எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கும் வழியைத் தேடினார்.

1967 ஜூலையில் மீண்டும் தொடங்கினார். ஈரலில் புற்றுநோய் கண்ட 19 மாதக் குழந்தை ஒன்று, மாற்று ஈரலுடன் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. பிறகு புற்றுநோய் பரவி இறந்தது.

1980-ல் 'சைக்ளோஸ்போரின்' என்ற மருந்தைக் கையாண்டார். அதற்கு முன் 10 பேரில் சுமார் 3 பேரே ஓராண்டைக் கடந்தனர். அதன் பிறகு சுமார் 7 பேர் கடந்தனர். 1983-ல் அமெரிக்க நிபுணர்கள் கூடி, இது சோதனை அல்ல, சிகிச்சையே என்று ஒப்புக்கொண்டனர்.

காஞ்சீபுரத்துக் குழந்தை

1998-ல் டெல்லியில் காஞ்சீபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு, தந்தை தம் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று ஆபரேஷன் அது. பிழைத்த குழந்தை, வளர்ந்து டாக்டர் ஆயிற்று!

வெட்டிக் கொடுத்தாலும் மிச்சம் வளரும் உறுப்பு ஈரல். ஆனால், எல்லா நோயாளிக்கும் பொருத்தமான உறவினர் கிடைப்பதில்லை. அவர்கள் இறந்தவரின் ஈரலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஸ்டார்சல் 2017-ல், 90-வது வயதில் காலமானார். கத்தியின் குறையை அவர் தீர்த்தார். மருந்தின் குறையையும் பெருமளவு தீர்த்தார். ஈரலைக் கொடுப்பவர் இல்லை என்ற குறையை டாக்டரால் தீர்க்க முடியாது. அது ஒவ்வொரு குடும்பத்தின் கையில் இருக்கிறது.