ஓட்டுச் சீட்டில் ஒரு திருமணம்

2004 நவம்பர் 2. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வரிசையில் நின்ற வாக்காளர்களுக்கு முன்னால் இரண்டு பெரிய கேள்விகள் இருந்தன. அதிபராக வேண்டியவர் ஜார்ஜ் புஷ்ஷா, ஜான் கெர்ரியா? தன்பாலினத் திருமணத்துக்கு மாநில அரசமைப்புச் சட்டத்திலேயே தடை எழுதிவிடலாமா?

முந்தைய ஆண்டு மாசசூசெட்ஸ் நீதிமன்றம் அத்தகைய திருமணத்துக்குக் கதவைத் திறந்திருந்தது. அதை எதிர்த்தவர்களின் கோபம் ஆறுவதற்குள் 11 மாநிலங்கள் ஒரே நாளில் இந்தக் கேள்வியை மக்கள் முன் வைத்தன. பதினொன்றிலும் தடையே வென்றது. ஒஹையோவில் அதற்கு ஏறக்குறைய 62 சதவீத ஆதரவு. புஷ் அங்கே ஜெயித்தது சுமார் 1,18,000 வாக்குகளில்தான். அம்மாநிலத்தின் 20 தேர்வாளர் வாக்குகள் கெர்ரிக்குப் போயிருந்தால் வெள்ளை மாளிகையும் அவருக்கே.

நாடு முழுவதும் ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டபோது, 22 சதவீதம் பேர் ‘ஒழுக்க விழுமியங்களே’ முக்கியம் என்றார்கள். போதாதா? ‘ஒழுக்கம்தான் புஷ்ஷைக் கரையேற்றியது’ என்ற கதை மளமளவென்று பரவியது.

கதையில் ஓட்டை உண்டு. அதே கணிப்பில் பயங்கரவாதத்துக்கு 19, இராக்குக்கு 15 சதவீதம். போர்க்காலத்துக் கவலை ஒன்றையே இரண்டாகப் பிரித்து எண்ணியதுபோல. ஒழுக்கம் என்று ஒருவர் நீட்டினால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? தடையை ஆதரித்த மிஷிகனும் ஓரிகனும் அதிபராகக் கெர்ரியைத்தான் தேர்ந்தெடுத்தன. 2008-ல் கலிபோர்னியா ஒபாமாவுக்கு 61 சதவீத வாக்கை அள்ளிக் கொடுத்தது. அதே நாளில், தன்பாலினத்தவர் சில மாதங்களாக அனுபவித்துவந்த திருமண உரிமையை 52 சதவீத வாக்கில் பறித்தது.

ஆக, இத்தகைய வாக்கெடுப்பு அதிபர்களை உருவாக்குகிறதா என்பது சந்தேகத்துக்குரியது. எண்ணிக்கையில் குறைந்தவர்களின் உரிமையைப் பறிப்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. தலைக்கணக்கில் தோற்பார்கள் என்று முன்பே தெரிந்தவர்களை வாக்குப்பெட்டிக்கு முன் நிறுத்துவது எந்த வகை ஜனநாயகம்? புஷ்ஷின் 2004 பிரசார மேலாளர் கென் மெல்மன், தாமும் தன்பாலின ஈர்ப்பாளரே என்று 2010-ல் அறிவித்தார். அதற்குள் 2004-ன் தடைகளுக்கு ஏறக்குறைய ஆறு வயது.

விலை கொடுத்தவர்களில் ஒருவர் ஒஹையோவின் சின்சினாட்டி நகரத்து ஜிம் ஓபர்கெஃபெல். 2013-ல், சாகக்கிடந்த துணைவர் ஜான் ஆர்தரை மருத்துவ விமானத்தில் மேரிலாண்டுக்குக் கூட்டிச் சென்று, ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே மணந்தார். இறப்புச் சான்றிதழில் ‘கணவர்’ என்று தம் பெயர் இருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவே. ஒஹையோ மறுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றபோது 2015 ஜூன் 26 ஆகிவிட்டது. புஷ் பதவி முடிந்து டெக்சாசுக்குத் திரும்பி ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.