வாடகை வீடு வாங்க ஓராண்டுக் கடன்: வங்கிக்கு மாற்றும்போது எங்கே இடிக்கும்?

விலை குறைவாக ஒரு வீடு வருகிறது. விற்பவருக்கு ஒரே மாதத்தில் மொத்தப் பணமும் வேண்டும். வங்கிக் கடனுக்குக் காத்திருந்தால் வீடு கைநழுவிவிடும் என்று நிதி நிறுவனத்தில் ஓராண்டுக் கடன் வாங்கி, பத்திரப்பதிவை முடித்துவிடுகிறார்கள் சிலர். 'அப்புறம் பேங்க்குக்கு மாத்திக்கலாம், வாடகையிலேயே இ.எம்.ஐ. ஓடிடும்' என்பது அவர்கள் கணக்கு.

ஓடுமா? வீடு 50 லட்சம், கடன் 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18% வட்டி என்றால் மாதம் 60,000 ரூபாய் வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும். வாடகை 15,000 வந்தால், மீதி 45,000 சம்பளத்திலிருந்துதான்.

8% வட்டியில் 20 ஆண்டு வீட்டுக் கடனாக மாறினால் தவணை சுமார் 33,500 ஆகிவிடும். ஆனால், முதல் கடன் வீட்டுக் கடனாக இல்லாவிட்டால், வங்கி பெரும்பாலும் அதைச் சொத்து அடமானக் கடனாகவே பார்க்கும். வட்டி கூடும், காலம் குறையும். 10%, 15 ஆண்டு என்றால் தவணை சுமார் 43,000.

அதைவிடப் பெரிய சிக்கல், கிடைக்கும் தொகை. சொத்து மதிப்பில் 65% தான் தருவோம் என்று வங்கி சொன்னால் 32.5 லட்சம். பழைய கடனை அடைக்க இன்னும் 7.5 லட்சம் புரட்ட வேண்டும். இதற்கு நகையை அடகு வைத்தால், குறுகிய காலக் கடனை அடைக்க இன்னொரு குறுகிய காலக் கடன்! தனியாரிடம் புரோநோட்டு எழுதி வாங்கிய பணம் என்றால், அதை ஏற்று மாற்றித்தர வங்கிகள் பொதுவாக முன்வருவதில்லை.

முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா? தொழில் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடனுக்குக் கட்டணம் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும், புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு இது பொருந்தும். நிலையான வட்டிக் கடனுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான்.

கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

முன்பணம் கொடுக்கும் முன்பே பத்திர நகல், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதியுடன் வங்கிக்குப் போய், பிறகு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுவிடலாம். விற்பவர் சொல்லும் விலை எதுவானாலும், வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் மதிப்புதான் அங்கே எடுபடும்.