ஜென்செட் காப்பாற்றாது

துவாக்குடிக்காரர்களுக்கு மின்சாரத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் பெல் ஆலை பக்கத்தில் இருக்கிறது. அதற்கு பேப்ரிகேஷன் வேலை எடுத்துச் செய்யும் பட்டறைகள் சிட்கோ பேட்டையில் இருக்கின்றன. தஞ்சாவூர் சாலையிலேயே என்.ஐ.டி. இப்பேர்ப்பட்ட ஊரிலும், மண்டபமோ லாட்ஜோ விடுதியோ கட்டிய ஒருவரிடம் “தீப்பிடித்தால் வழிகாட்ட விளக்கு எங்கே?” என்று கேட்டுப் பாருங்கள். கை நேராகக் கொல்லைப்புறத்தைக் காட்டும். “அதான் ஜென்செட் கிடக்கே சார்!”

ஊருக்கு ஊர் இதே பதில்தான். துவாக்குடியில் கேட்கும்போது கொஞ்சம் கூடுதலாக உறுத்துகிறது, அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. 2011, 2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு பாதி நாள் மின்சாரமில்லாமல் கிடந்தது. வீட்டுக்கு இன்வெர்ட்டர், கடைக்கு ஜெனரேட்டர் என்று வாங்கித் தப்பித்தோம். இருட்டு என்றாலே ஈ.பி. செய்த வேலை என்று மனத்தில் பதிந்துவிட்டது. அந்த இருட்டுக்கு ஜென்செட் நல்ல மருந்துதான். தீ கொண்டுவரும் இருட்டு வேறு வகை.

புகை கிளம்பியதும் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் முதலில் ஓடுவது மெயினை இறக்கத்தான். தண்ணீர் அடிக்கும் முன் தீயணைப்பு வீரர்களும் கட்டடத்துக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்வார்கள். அதில் ஜெனரேட்டரும் சேர்த்திதான். யாரும் துண்டிக்காமல் விட்டாலும் கதை மாறாது. சேஞ்ச் ஓவர் ஸ்விட்சைத் தாண்டிவிட்டால் ஜெனரேட்டர் கரண்டும் அதே டிபி போர்டு, அதே ஒயர் வழியாக அதே டியூப்லைட்டுக்குத்தான் போயாக வேண்டும். பேனலே பற்றியெரிந்தால் வெளியே ஜென்செட் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு விளக்கும் எரியாது. தானாக ஸ்டார்ட் ஆகும் வகையாக இருந்தால் இன்னும் விசேஷம், எரிகிற ஒயருக்கே மறுபடி கரண்டு போகும்.

இது வெறும் ஊகம் என்பவர்கள் நியூயார்க்கைப் பார்க்கலாம். 1993 பிப்ரவரி 26 அன்று உலக வர்த்தக மையத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் குண்டு வெடித்தது. ஜெனரேட்டர்கள் அங்கேயும் இருந்தன. அவற்றைக் குளிர்விக்கும் நீர்க்குழாய்கள் அறுந்துபோனதால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டன. புகை நிறைந்த கும்மிருட்டில், நூறு மாடிக்கு மேற்பட்ட கோபுரங்களிலிருந்து ஜனங்கள் சுவரைத் தடவிக்கொண்டு மணிக்கணக்கில் இறங்கினார்கள். பிறகுதான் அங்கே பாட்டரி விளக்குகள் வந்தன. படி விளிம்புகளிலும் கைப்பிடிகளிலும் இருட்டில் ஒளிரும் பெயின்ட் பூசப்பட்டது. 2001 செப்டம்பரில் உயிரோடு இறங்கி வந்தவர்களில் பலருக்கு அந்தக் கோடுகள் வழிகாட்டின. 2004இல் நியூயார்க் நகரம் உயரமான அலுவலகக் கட்டடங்களில் அதைச் சட்டமாகவே ஆக்கியது. அந்தப் பெயின்ட் பகலெல்லாம் விளக்கொளியைக் குடித்துவைத்து இருட்டில் உமிழ்கிறது. இந்த வேலைக்கு இன்று பயன்படும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற பொருளை 1990களில் ஜப்பானியர்கள் மேம்படுத்தினார்கள். அதற்கு ஒயர் வேண்டாம், பாட்டரி வேண்டாம்.

நம் நாட்டிலும் பாடம் கிடைக்காமல் இல்லை. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். கீழே டிரான்ஸ்பார்மரில் பிடித்த தீயின் புகை பால்கனியில் இருந்தவர்களை மூச்சுமுட்டக் கொன்றது. மின்சாரம் போன அரங்கில் அவசர விளக்கு இல்லை என்பது வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

ஸ்ரீரங்கத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2004 ஜனவரி 23 அன்று கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அது பட்டப்பகல். விளக்கு இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொன்னால் அது பொய். அங்கே கொன்றது கீற்றும் குறுகிய படியும். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 பிள்ளைகள் பலியானதும் கீற்றால்தான், படியால்தான். அதற்குப் பிறகு கீற்றைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டோம். மாடிக் கூரைகளெல்லாம் தகரமாயின. வெளியேறும் வழியைப் பற்றி மட்டும் அதே பழைய அலட்சியம்.

கதவுக்கு மேலே பச்சைப் பலகையில் ஓடும் மனிதன் ஜப்பானிலிருந்து வந்தவன். 1972இல் ஒசாகாவில் பல்பொருள் அங்காடித் தீயில் 118 பேர் இறந்தபின், எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்று உணர்ந்து போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். யுகியோ ஓட்டா மெருகேற்றிய உருவம் அது. ஆனால் புகை முதலில் நிறைப்பது கூரையடியைத்தான். பலகை எரிந்துகொண்டிருந்தாலும் புகைக்குப் பின்னால் மறைந்துவிடும். 1983இல் ஏர் கனடா விமானத்துக்குள் தீப்பிடித்து 46 பேரில் 23 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே தரையோரமாக ஒளிரும் வழிக்கோடு வேண்டும் என்று அமெரிக்க விமானத்துறை விதித்தது. விமானத்தில் பணிப்பெண் கையை நீட்டிக் காட்டுவது அதைத்தான். இருக்கையில் அமர்ந்து பார்த்து ரசிக்கிற நம் முதலாளிகள் தங்கள் மண்டபத்தில் அதைக் கேட்பதில்லை.

நமது தேசியக் கட்டட விதித் தொகுப்பில் எல்லாம் எழுதியிருக்கிறது. அவசர விளக்குக்கு வழக்கமான விளக்குகளோடு சம்பந்தமில்லாத தனி மின்மூலம் வேண்டும். மின்சாரம் போன 5 விநாடிக்குள் எரிய வேண்டும். ஒன்றரை மணி நேரம் தாங்க வேண்டும். ஓடிப்போய் கயிறு இழுத்தோ சாவி திருகியோ கிளப்பும் ஜென்செட் 5 விநாடியில் என்ன செய்யும்?

“எல்லார் கையிலும் செல்போன் டார்ச் இருக்கே” என்பார்கள். அடர்ந்த புகையில் டார்ச் அடித்தால் வெளிச்சம் சிதறி நம் கண்ணிலேயே திரும்ப விழும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் போன் என்றால் கைப்பிடியைப் பிடிக்கக் கை ஏது? செலவைச் சொல்கிறவர்களிடம் வாசல் சீரியல் செட்டுக்கு என்ன வாங்குகிறீர்கள் என்றுதான் கேட்க வேண்டும். உள்ளேயே பாட்டரி வைத்த எல்.இ.டி. பலகையெல்லாம் இன்று அபூர்வப் பொருள் அல்ல. சான்றிதழுக்காக மாட்டியதோடு மறந்துவிட்டால் அதன் பாட்டரியும் சில ஆண்டுகளில் செத்துவிடும் என்பது வேறு விஷயம். அதைச் சோதிக்கத்தான் பலகையிலேயே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள்.

தையில் கல்யாணம் வைத்து மண்டபம் பார்க்கப் போகிறீர்களா? ஏசி ஓடுகிறதா, டைனிங் ஹாலில் எத்தனை பேர் உட்காரலாம் என்று விசாரிப்பதோடு இதையும் செய்யுங்கள். பொழுது சாய்ந்தபின் போங்கள். மேனேஜரை மெயினை இறக்கச் சொல்லுங்கள், ஜென்செட்டையும் கிளப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். படிக்கட்டில் எது எரிகிறது என்று நின்று பாருங்கள். ஒன்றுமே எரியவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.