வந்தால் எவ்வளவு கிடைக்கும்?

அமெரிக்காவின் லாஸ் வேகஸ் அரங்குகளில் ஆடப்படும் ஒமாஹா ஹை-லோ என்ற சீட்டாட்டத்தில், புதிதாக வருபவர்களைத் திகைக்க வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. மூன்று பேர் ஆளுக்கு 300 டாலர் போட்டிருக்கிறார்கள். நடுவில் 900 டாலர் குவிந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் அமையக்கூடிய ஆகச் சிறந்த சின்னக் கை உங்களிடம் இருக்கிறது. அதை மிஞ்ச யாராலும் முடியாது. ஆனால் எதிரே இருக்கும் ஒருவரிடமும் அதே கை இருக்கிறது. பெரிய கை வைத்திருப்பவர் பாதியான 450 டாலரை எடுத்துப் போக, மீதி 450 உங்கள் இருவருக்கும் பங்காகிறது. போட்டது 300, வந்தது 225. யாராலும் வெல்ல முடியாத கையை வைத்திருந்தும் 75 டாலர் நட்டம். இந்தக் கணக்கு மனதில் பதியாதவரைக்கும் ஒருவர் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டு. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று சேர்ந்து விழுவது ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் நடக்கும். கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து மூன்று என ஐந்து சீட்டு சேர்த்துக் காட்ட வேண்டும். பணத்தில் பாதி பெரிய கைக்கு, பாதி சின்னக் கைக்கு. சின்னக் கை என்றால் ஐந்தும் எட்டுக்கு மேற்படாத, ஒன்றுக்கொன்று வேறான சீட்டுகளாக இருக்க வேண்டும். அதில் ஏஸ்தான் மிகச் சிறியது. அப்படி ஒரு கை யாருக்கும் அமையாவிட்டால் முழுப் பணமும் பெரிய கைக்கே. 1970-இல் லாஸ் வேகஸில் தொடங்கிய உலக போக்கர் தொடரில் இந்த ஆட்டத்துக்குத் தனி இடம் உண்டு. ஐந்து வகை ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆடும் ‘ஹோர்ஸ்’ போட்டியில் இதுவும் ஒன்று. 2006-இல் 50,000 டாலர் நுழைவுக் கட்டணத்தில் நடந்த அந்தப் போட்டியை வென்றவர் சிப் ரீஸ்.

ஃப்ளாப் விழுந்ததும் பெரும்பாலோரின் கை முடிந்த கையாக இருக்காது. இன்னும் ஒரு சீட்டு வந்தால் அமையும் என்று காத்திருக்கும் கையாகவே இருக்கும். இதை டிரா என்பார்கள். ரம்மி ஆடியவர்களுக்கு நடுச்சீட்டுக்காகக் காத்திருப்பது பழக்கமானதுதான். ஆனால் ரம்மியில் அந்தச் சீட்டு வந்துவிட்டால் அதன் பலன் முழுவதும் காத்திருந்தவருக்கே. பாதி பிரியும் ஒமாஹாவில், கேட்ட சீட்டே வந்தாலும் கிடைப்பது பாதியாக இருக்கலாம், கால்வாசியாகவும் இருக்கலாம். அதனால் ‘வருமா’ என்று கேட்டுவிட்டுப் பணம் போடுவது போதாது. ‘வந்தால் எவ்வளவு கிடைக்கும்’ என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும்.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். உங்களிடம் ஏஸ், 2, ராஜா, ராணி. நான்கும் வெவ்வேறு ஜாதி. மேசையில் 5, 7, ஜாக்கி. பெரிய கைக்கு அநேகமாக வழியில்லை. சின்னக் கைக்குத்தான் நம்பிக்கை. கண்ணில் படாத சீட்டுகள் 45. அவற்றில் 3, 4, 6, 8 ஆகிய 16 சீட்டில் ஒன்று வந்தால் போதும். இன்னும் இரண்டு சீட்டு விழ வேண்டியிருப்பதால் சின்னக் கை அமையும் வாய்ப்பு 59 சதவீதம். ஆனால் மேசையில் இன்னொரு ஏஸோ 2-ஓ விழுந்தால் கையிலுள்ள அதே சீட்டு செல்லாக்காசாகி, வேறொருவர் முந்திவிடலாம். அந்த ஆபத்தைக் கழித்து, மிகச் சிறந்த சின்னக் கையாகவே அமையும் வாய்ப்பைப் பார்த்தால் அது 49 சதவீதமாகக் குறைகிறது. இப்போது நடுவில் 100 டாலர் இருக்கிறது. எதிரே ஒரே ஒருவர், அவர் 100 டாலர் பந்தயம் கட்டுகிறார். நீங்களும் 100 போட்டால் மொத்தம் 300. உங்களுக்கு வரக்கூடிய பாதி 150. தாராளமாக 59 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் அதன் சராசரி மதிப்பு 88 டாலர்தான். நூறு கொடுத்து எண்பத்தெட்டை வாங்கும் வியாபாரம் இது. அடுத்த இரண்டு சுற்றுப் பந்தயம் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

ராணிக்குப் பதிலாக ஒரு 3 இருந்திருந்தால் கதையே வேறு. ஏஸ், 2, 3, ராஜா என்ற கையில் மேசைக்கு ஏஸ் வந்தால் 2-ம் 3-ம் கைகொடுக்கும். 2 வந்தால் ஏஸும் 3-ம். முன்பு கெடுத்த சீட்டுகளே இப்போது உதவும் சீட்டுகளாகின்றன. மிகச் சிறந்த சின்னக் கை அமையும் வாய்ப்பு 49-இலிருந்து 69 சதவீதத்துக்கு உயர்கிறது. அதோடு ஏஸும் 3-ம் இஸ்பேட்டாக இருந்து, மேசையிலுள்ள 7-ம் ஜாக்கியும் இஸ்பேட்டாக அமைந்துவிட்டால், ஒன்பது இஸ்பேட் சீட்டுகள், ஒரே ஜாதி ஐந்து சேர்வதால், பெரிய கைக்கும் வழி திறக்கின்றன. 45 சீட்டில் 26 சீட்டு ஏதாவது ஒரு பக்கம் உதவுகிறது. அவற்றில் இஸ்பேட் 2, 4, 6, 8 ஆகிய நான்கும் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் முடித்துத் தருகின்றன. முழுப் பணத்தையும் அள்ளும் கை இது. இதற்கு 100 போடலாம், 300-ம் போடலாம். முதல் கையையும் இதையும் ‘ஏஸ்-இரண்டு வந்திருக்கிறது’ என்று ஒரே பெயரில் அழைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஐந்து பேர் ஆளுக்கு 100 போடும்போது, நடுவில் ஏற்கெனவே இருந்த 100-உடன் சேர்த்து மொத்தம் 600, பாதியே 300. 49 சதவீத வாய்ப்புக்குக்கூட 147 டாலர் மதிப்பு வருகிறதே, அப்போது அந்த வெறும் ஏஸ்-இரண்டு லாபம்தானே என்பார்கள். கணக்கு சரி, எதிரே ஆட்கள் கூடக்கூடப் பாதிப் பங்குக்கும் மதிப்பு கூடும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆட்கள் கூடும்போது இன்னொரு ஏஸ்-இரண்டும் மேசையில் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உங்களிடம் ஒரு ஏஸும் ஒரு 2-ம் இருக்கையில், எதிராளி ஒருவரிடம் அதே ஜோடி இருக்கும் வாய்ப்பு 4.4 சதவீதம். எதிரே எட்டுப் பேர் என்றால் யாராவது ஒருவரிடம் இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த ஜோடி கிடைத்தவர்கள் பெரும்பாலும் அதைக் கவிழ்த்துவிட்டு விலகுவதில்லை என்பதால், கடைசிவரை நிற்பவர்களிடையே அது இருக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். பங்காளி ஒருவர் வந்துவிட்டால் அந்த 147 டாலர் 74 ஆகிவிடும். ஆகவே பலர் நிற்கும் ஆட்டத்தில், குறைந்த விலைக்குத் தொடரலாம். பந்தயத்தை ஏற்றி ஏற்றி விடக் கூடாது. ஒருவரோ இருவரோ மட்டும் நிற்கும் ஆட்டத்தில் தொடரவே கூடாது.

இதே எச்சரிக்கை பெரிய கைக்குக் காத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். மேசையில் முதலிலேயே மூன்று சின்னச் சீட்டு விழுந்துவிட்டால், பாதிப் பணம் ஏறக்குறைய கைமாறிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு ஒரே ஜாதி ஐந்துக்காகக் காத்திருப்பவருக்கு 36 சதவீத வாய்ப்பு இருந்தாலும், கிடைக்கப்போவது பாதிதான். அதுவும் ஏஸ் இல்லாத ஜாதி என்றால், நான்கு சீட்டு வைத்திருக்கும் எதிராளியிடம் அதைவிடப் பெரியது இருந்துவிடலாம்.

இப்படிக் கணக்குப் பார்த்துக் கவிழ்ப்பவரை எல்லோரும் எளிதில் படித்துவிடுவார்கள், பயமுறுத்தி ஜெயிக்கும் வாய்ப்பும் போய்விடும் என்பது இன்னொரு வாதம். இரண்டு சீட்டு ஆட்டமான ஹோல்டெமில் இது செல்லுபடியாகும். ஒவ்வொரு கையிலும் ஆறு ஜோடிகள் ஒளிந்திருக்கும் ஒமாஹாவில், ஏதோ ஒரு பாதியிலாவது நம்பிக்கை வைத்திருப்பவர் பயமுறுத்தலுக்கு அவ்வளவு எளிதில் எழுந்து போவதில்லை. கடைசியில் சீட்டைக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டியிருக்கிறது.

சூதாட்டத்துக்கு ஏன் இத்தனை கணக்கு என்று கேட்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. ‘திறமை ஆட்டம்’ என்ற பெயர் திறமை இல்லாதவரைக் காப்பாற்றாது என்பதற்கு மேலே சொன்ன கணக்கே சாட்சி. ஏஸ்-இரண்டைப் பார்த்து மகிழ்பவரின் பணம், அதைக் கவிழ்க்கத் தெரிந்தவரிடம் மெல்ல மெல்லப் போய்ச் சேருகிறது. பணம் வைக்காமல், வீட்டில் ஐம்பத்திரண்டு சீட்டைப் பரப்பி இந்த எண்ணிக்கைகளைப் போட்டுப் பார்ப்பவருக்கும் இது நல்ல பாடம்தான்.

சட்டம் அனுமதிக்கும் இடத்தில் ஆடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். எதிரே ஒரே ஒருவர் இருக்கிறார், கைக்கு ஒரு பக்கம் மட்டுமே வழி இருக்கிறது, பந்தயமோ பெரியது என்றால், அது ஏஸ்-இரண்டாகவே இருந்தாலும் ஃப்ளாப்பிலேயே கவிழ்த்துவிடுங்கள்.