'காப்பி' அடித்துக் கற்ற மேதைகள்: ஜாஸ் பியானோவை மாற்றிய 'கரோலினா ஷவுட்'

யூடியூப் பார்த்து கீபோர்டு கற்றுக்கொள்ள முயன்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். திரையில் மேலிருந்து வண்ணக் கட்டைகள் விழும். எந்தக் கட்டை எந்தக் கீ மேல் விழுகிறதோ, அதை அழுத்த வேண்டும். விரல் ஓடவில்லையா? செட்டிங்ஸில் போய் வேகத்தை 0.5-ல் வைத்துக்கொள்ளலாம். "இதெல்லாம் ஒரு கத்துக்கிற முறையா?" என்று வீட்டில் யாராவது ஒரு பெரியவர் கேட்பார்.

அவருக்குப் பதிலாக நூறு வருடம் பழைய ஒரு பியானோ இசையைப் போட்டுக் காட்டலாம். பெயர் 'கரோலினா ஷவுட்'. அமைத்தவர் ஜேம்ஸ் பி. ஜான்சன். 1921-ல் அவரே வாசித்து வெளியான ஒலித்தட்டில் இது மூன்று நிமிடம்கூட ஓடாது. ஆனால் டியூக் எலிங்டன், ஃபேட்ஸ் வாலர் என்று ஜாஸின் பெரிய பெயர்கள் இந்த மூன்று நிமிடத்தை ஒரு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, வேகத்தைக் குறைத்து, அப்படியே 'காப்பி' அடித்துத்தான் கற்றார்கள்.

'ஷவுட்' என்றால் கத்துவது அல்ல

ஜான்சன் பிறந்தது 1894-ல், நியூ ஜெர்சியில். பதின்ம வயதில் குடும்பத்தோடு நியூயார்க் வந்தார். அப்போது மன்ஹாட்டனின் மேற்கே சான் ஹுவான் ஹில் என்று ஒரு பகுதி இருந்தது. தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்பு தேடி வந்த கறுப்பின மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம். அங்கே 'ஜங்கிள்ஸ் கேசினோ' என்ற ஒரு நடனக்கூடம். காகிதத்தில் அது 'நடனப் பள்ளி'. உண்மையில் அங்கே யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை! பகலெல்லாம் உழைத்த சனம் இரவில் வந்து ஆடித் தீர்க்கும் இடம் அது.

அங்கே பியானோ வாசித்தவர் ஜான்சன். ஆட வந்தவர்களில் பலர் கரோலினா, ஜார்ஜியா கடலோரங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஊர் ஆட்டம் வேண்டும். அந்த ஊர்களில் 'ரிங் ஷவுட்' என்ற ஒன்று உண்டு. அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்கள் வளர்த்த வழிபாட்டு ஆட்டம் அது. வட்டமாக நகர்வார்கள், பாதத்தைத் தரையில் உரசுவார்கள், கை தட்டுவார்கள். ஒருவர் பாட மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அந்தத் தட்டலையும் உரசலையும் கேள்வி-பதிலையும் ஜான்சன் பியானோவுக்குள் கொண்டுவந்தார். அதுதான் 'கரோலினா ஷவுட்'.

இடது கைக்கு என்ன வேலை?

இந்த வாசிப்பு முறைக்கு 'ஸ்ட்ரைடு' என்று பெயர். எட்டி நடப்பது என்று பொருள். இடது கை ஒரு அடிக்குக் கீழே போய்க் கனமான சுரத்தைத் தொடும், அடுத்த அடிக்கு நடுவில் தாவி ஒரு கார்டைப் பிடிக்கும். மறுபடி கீழே, மறுபடி நடுவில். பேஸ் வாசிப்பவரும் டிரம்ஸ் வாசிப்பவரும் செய்ய வேண்டிய வேலையை ஒரே கை செய்துவிடுகிறது. வலது கை அதன் மேல் விளையாடும்.

இதற்கு முந்தைய ராக்டைம் இசையிலும் இடது கை இப்படித்தான் ஓடும். ஆனால் அங்கே அது கடிகாரம் மாதிரி. ஜான்சன் அந்தக் கடிகாரத்தையே கலைத்துப் போட்டார். தொடக்கப் பகுதியில் இடது கையை மட்டும் கவனித்துக் கேளுங்கள். எட்டு அடியை இரண்டு இரண்டாகப் பிரிக்காமல் 3+3+2 என்று பிரிக்கிறார். நம் ஊர்ச் சொல்கட்டில் சொல்வதானால் 'தகிட தகிட தக'. கால் தடுமாறுவது போல இருக்கும், ஆனால் தாளம் தப்பாது. ஆடுகிறவருக்கு அந்த நொடிதான் ருசி.

வாசிக்கிறவருக்கு அது கஷ்டம். அதனால்தான் ஹார்லெமில் இந்த இசை ஒரு நுழைவுத் தேர்வாகவே ஆனது. அங்கே அப்போது 'ரென்ட் பார்ட்டி'கள் நடக்கும். வீட்டு வாடகை கட்டக் காசில்லாதவர்கள் வீட்டிலேயே விருந்து வைத்து, வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குவார்கள். கூட்டத்தை இழுக்க நல்ல பியானோக்காரர் வேண்டும். இரண்டு பேர் வந்துவிட்டால் போட்டிதான். 'கரோலினா ஷவுட்' வாசிக்கத் தெரியாமல் அந்த பியானோ முன்னால் உட்கார முடியாது.

காகிதச் சுருள் என்ற வாத்தியார்

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அந்தக் காலத்து வீடுகளில் 'பிளேயர் பியானோ' என்று ஒன்று இருந்தது. துளைகள் போட்ட காகிதச் சுருளை உள்ளே மாட்டி, காலால் மிதித்தால், காற்றின் விசையில் பியானோ தானாக வாசிக்கும். கீகள் தானாகவே கீழே போய் மேலே வரும். ஜான்சன் இப்படிப்பட்ட சுருள்களை நிறையப் பதிவு செய்தவர். 'கரோலினா ஷவுட்' சுருளாக முதலில் வந்தது 1918-ல். பரவலாகப் போய்ச் சேர்ந்தது 1921-ல் வந்த இன்னொரு சுருள்.

கிராமஃபோன் தட்டின் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும், பாட்டு முனகலாகிவிடும். சுருளில் அந்தப் பிரச்சினை இல்லை. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் ச, ச-வாகவே இருக்கும். எந்தக் கீ எப்போது இறங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இறங்கிய கீ மேல் விரலை வைத்துப் பழகலாம். யோசித்துப் பாருங்க, யூடியூபின் விழும் கட்டைகளும் 0.5 வேகமும் அப்படியே இதுதான்.

வாஷிங்டனில் இருந்த டியூக் எலிங்டன் அப்படித்தான் கற்றார். அப்போது அவர் இருபதைத் தாண்டியவர், பெயர் தெரியாத உள்ளூர் பியானோக்காரர். 1921 இறுதியில் ஜான்சனே வாஷிங்டனுக்குக் கச்சேரிக்கு வந்தார். நண்பர்கள் எலிங்டனை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். 'கரோலினா ஷவுட்'டை அமைத்தவர் எதிரிலேயே 'கரோலினா ஷவுட்' வாசிக்க வேண்டும்! வாசித்தார், ஜான்சன் பாராட்டினார். விடிய விடிய அவர் கூடவே இருந்ததைப் பிற்காலத்தில் எலிங்டன் தன் சுயசரிதையில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

ஃபேட்ஸ் வாலர் கதையும் ஏறக்குறைய இதேதான். தாயை இழந்த பதின்ம வயதுப் பையன், தங்கியிருந்த வீட்டுப் பிளேயர் பியானோவில் இதே சுருளைப் பார்த்துப் பழகினார். பிறகு ஜான்சனிடமே சீடனாகச் சேர்ந்தார். பின்னாளில் ஆர்ட் டேட்டம் தன் வழிகாட்டியாகச் சொன்னது இந்த வாலரைத்தான்.

அப்புறம் தெலோனியஸ் மங்க். நவீன ஜாஸின் கோணல் மேதை. 1922-ல், சிறு பிள்ளையாக, வட கரோலினாவிலிருந்து தாயோடு வந்து சேர்ந்தது அதே சான் ஹுவான் ஹில். ஜங்கிள்ஸ் கேசினோ இருந்த தெருவுக்கு அடுத்த தெரு! மங்க் தனியாக வாசித்த பதிவுகளைக் கேளுங்கள். அந்த விட்டு விட்டு வரும் கோணல்களுக்கு அடியில் ஜான்சனின் இடது கை நடந்துகொண்டே இருக்கும்.

மூவரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள், மூவரில் ஒருவர்கூட இன்னொருவர் மாதிரி ஒலிப்பதில்லை. "இயந்திரம் வந்தால் இசை செத்துவிடும்" என்று 1906-லேயே எழுதினார் அமெரிக்காவின் பிரபல இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசா. இந்த விஷயத்தில் அவர் கணிப்பு தவறு.

காசு யாருக்கு?

ஆனால் சூசாவின் இன்னொரு கவலை நியாயமானது: இசையமைத்தவனுக்கு என்ன கிடைக்கும்? 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விசித்திரமான தீர்ப்புச் சொன்னது. துளை போட்ட சுருளை மனிதக் கண்ணால் படிக்க முடியாது, அதனால் அது பாட்டின் 'பிரதி' அல்ல, காசு தர வேண்டியதில்லை என்று. மறு வருடமே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஒரு சுருளுக்கு அல்லது ஒலித்தட்டுக்கு 2 சென்ட் என்று வைத்தது. அந்த 2 சென்ட் 1977 வரை மாறவே இல்லை.

ஜான்சனுக்குக் கிடைத்த இடத்தையும் பாருங்கள். 1920-களின் உலகப் புகழ்பெற்ற 'சார்லஸ்டன்' நடனப் பாட்டுக்கு இசை அவருடையது. அந்த ஆட்டம் உலகத்துக்கே தெரியும், அவர் பெயர் தெரியாது. சிம்பொனி எழுதினார், ஓபரா எழுதினார். கறுப்பின பியானோக்காரரிடம் அதையெல்லாம் கேட்க ஆளில்லை. பக்கவாதத்தில் படுத்து, 1955-ல் இறந்தார். நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் வைக்கவே 2009 வரை ஆனது. அதுவும் இசைக்கலைஞர்கள் நிதி திரட்டி வைத்தது.

இன்றைய ஏஐ சண்டையில் இந்தக் கதையை இரண்டு பக்கமும் இழுக்கலாம். 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் சூனோ, யூடியோ என்ற இரண்டு ஏஐ இசைச் செயலிகள் மேல் வழக்குப் போட்டன. செயலிகள் தரப்பு வாதம், "பாட்டைக் கேட்டுத்தானே எல்லாரும் கத்துக்கிறாங்க, நாங்களும் அதையேதான் செய்றோம்" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எலிங்டனும் அப்படித்தானே கற்றார்?

இல்லை என்பேன். எலிங்டன் சுருளைப் பார்த்து எடுத்தது ஒரு ஆளிடமிருந்து, அந்த ஆளின் பெயர் அவருக்குத் தெரியும். கற்றதை அந்த ஆள் முன்னாலேயே வாசித்துக் காட்ட வேண்டி வந்தது. கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பல லட்சம் பாட்டுகளை அரைத்து, எதன் பெயரையும் சொல்லாமல் ஒரு பாட்டைத் துப்புவது அந்த வேலை அல்ல. சுருளுக்கு 2 சென்ட் என்று ஒரு விலையாவது 1909-ல் வைத்தார்கள். இதற்கு என்ன விலை?

சரி, சண்டை ஒரு பக்கம் கிடக்கட்டும். இன்றைக்கு ஆபீஸ் போகும் வழியில் ஆறு நிமிடம் கிடைக்குமா? ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதலில் ஜான்சனின் 1921 பதிவைக் கேளுங்கள். பழைய தட்டு, இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே இசையை வாலர் 1941-ல் வாசித்த பதிவு. இருபது வருடம் கழித்து சீடன் குருவின் பாட்டை எடுத்து வாசிக்கிறார். எந்த இடத்தில் குருவை விட்டு விலகுகிறார் என்று இடது கையை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்க.