முதலில் ஒரு வெள்ளைக் கோடு

டிசம்பர் பிறந்தால் பெங்களூரில் சர்க்கரைக்கு மவுசு கூடிவிடும். நீல்கிரீஸ் குடும்பத்தைச் சேர்ந்த சி. ராமச்சந்திரன் எழுபதுகளில் தொடங்கிவைத்த கேக் கண்காட்சி 2024 டிசம்பரில் ஐம்பதாவது முறையாக நடந்தது. கோபுரம், அரண்மனை, பொம்மை என்று எல்லாமே சர்க்கரை. குழந்தையின் கையைப் பிடித்தபடி சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் அம்மாக்களுக்கு ஓர் ஆசை முளைக்கும்: அடுத்த பிறந்த நாள் கேக்கை வீட்டிலேயே அலங்கரித்தால் என்ன?

ஆசையில் தவறில்லை. தொடங்கும் இடத்தில்தான் தவறு. புதிதாகக் கற்பவர்களுக்கு முதல் நாளே சிவப்பு ரோஜா பூத்துவிட வேண்டும். உண்மையில் அவர்கள் முதலில் கற்க வேண்டியது வெள்ளையாக ஒரு நேர்கோடு.

ஆரம்ப நிலைக்கு ஏற்றது வெண்ணெய் ஐசிங். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமை வெளுக்கும்வரை அடித்து, சலித்த ஐசிங் சர்க்கரை 200 கிராமைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒரு தேக்கரண்டி பாலில் தளர்த்திக்கொள்ள வேண்டும். சூட்சுமம் பதத்தில் இருக்கிறது. கரண்டியைத் தூக்கும்போது முனை விறைப்பாக நின்றால் அது பூவிதழுக்கு ஆகும். லேசாகத் தலை சாய்ந்தால் கோட்டுக்கும் எழுத்துக்கும் ஆகும். முட்டையின் வெள்ளைக் கருவில் செய்யும் ராயல் ஐசிங் பிறகு வரட்டும். காற்றுப் பட்டதும் அது இறுகத் தொடங்கும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ சரியாக நுரைக்காது.

பழகுவதற்கு கேக் தேவையில்லை. கவிழ்த்த எவர்சில்வர் தட்டே போதும். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, பாதியளவு ஐசிங் நிரப்பி, நுனியைக் கத்தரிக்க வேண்டும். வலது கை அழுத்தும். இடது கை வழிகாட்டும். கை விரைந்தால் கோடு அறுந்துபோகும். தயங்கினால் புழுவாக நெளியும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது பிடிபட்டுவிடும். நுனியைத் தட்டில் தேய்க்காமல், கோலமாவைப் போலச் சற்று மேலிருந்து இழையாக விழவிட வேண்டும். பிடிக்கவில்லையா? வழித்தெடுத்து மீண்டும் கூம்பில் போடலாம். இருபது முறை வழித்தாலும் நஷ்டமில்லை.

கேக்கில் கை வைப்பது அது முழுவதும் ஆறிய பிறகே. சூடு மிச்சமிருந்தால் வெண்ணெய் உருகி வழிந்துவிடும். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று. உதிரும் துகள்களை அது பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு இரண்டாவது பூச்சு, அதன் மேல் அலங்காரம்.

நிறத்துக்குக் கடைசி இடம். அதற்குக் காரணம் உண்டு. 2024 அக்டோபரில், கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்த 235 கேக் மாதிரிகளில் 12 பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது. அல்யூரா ரெட், சன்செட் யெல்லோ, டார்ட்ரசீன் போன்ற செயற்கை நிறங்கள்தான் காரணம். ரெட் வெல்வெட், பிளாக் ஃபாரஸ்ட் கேக்குகள் குறித்துத் துறை தனியாகவே எச்சரித்தது. இந்த நிறங்கள் தடை செய்யப்பட்டவை அல்ல. ஆனால் அளவு உண்டு. கேக் வகைகளுக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராம். ஒரு சிட்டிகைக்கும் குறைவான இந்த அளவை எந்த வீட்டுத் தராசில் நிறுப்பது?

புதியவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். வெண்ணெய் ஐசிங்கில் கலந்த நிறம் உடனே முழுதாகத் தெரியாது. சில மணி நேரத்தில் தானாகவே அடர்த்தியாகும். இது தெரியாமல் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று ஊற்றுகிறார்கள். மறுநாள் குழந்தைகளின் நாக்கெல்லாம் சிவப்பு. வெளிர் நிறத்தில் நிறுத்தி, இரவு முழுவதும் வைத்துப் பார்ப்பதே விவேகம். பீட்ரூட் சாறு சில சொட்டு விட்டால் இளஞ்சிவப்பு வரும். ரத்தச் சிவப்பு வராது, வராதது நல்லதுதான்.

கை தேர்ந்ததும் அக்கம்பக்கத்தில் ஆர்டர் வரும். காசு வாங்கி விற்பதென்றால், வீட்டு அடுப்பானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தை சாப்பிடப்போகும் கேக் அது.

கண்காட்சியின் சர்க்கரை அரண்மனைகளை அருகில் போய்ப் பார்த்தால் ஒன்று புரியும். ஜன்னல், தூண், கைப்பிடிச் சுவர் என்று எல்லாவற்றிலும் ஆயிரக்கணக்கான கோடுகள். போட்ட கைகளும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு தட்டில் கோணல்மாணலாகக் கோடு இழுத்து வழித்தவைதான்.