பாடியவர்க்கே பாட்டுரிமை!

கல்வராயன் மலையினின்று கடுக்காய் இறங்குகின்றது, புளி இறங்குகின்றது, தேன் இறங்குகின்றது. திரட்டியவர் மலைமக்கள், விலை கூறுபவரோ அடிவாரத்தில் துலைக்கோல் பிடித்திருப்பவர். இன்று அவற்றொடு பாட்டும் இறங்கத் தொடங்கியுள்ளது. விதைப்பிலும் களையெடுப்பிலும் மணவினையிலும் சாவிலும் வாய்வழி வந்த பாட்டைக் கைப்பேசியிற் பதிந்துகொண்டு ஒருவன் கீழிறங்குகின்றான். அது இணையத்தில் ஏறுகின்றது. பல்லாயிரவர் செவியைச் சேர்கின்றது. பாடிய கிழவிக்குக் கிடைத்தது யாது? ஒரு குவளைத் தேநீரும் ஒரு வாய்ச்சொற் பாராட்டும்! பாணர்க்குப் பொற்றாமரை சூட்டிய இனத்தின் இற்றை நிலை இது.

இம் மலையின் வரலாற்றை எண்ணிப் பார்க்க. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று சாகிர்தாரர் மரபினர் கைப்பட்டுக் கிடந்த மலை இது. வெள்ளையன் வெளியேறி ஏறத்தாழ முப்பதாண்டு கழிந்தபின், 1976-இல்தான் சாகிர் முறை ஒழிந்து அரசின் நேராட்சி வந்தது. உழுதவன் ஒருவன், நிலத்துக்குரியவன் மற்றொருவன். மண்ணில் ஒழிந்த அம் முறை இசையில் மீண்டும் தலைதூக்க விடலாமோ?

இசை வாணிகத்தில் சட்டம் எவர் பக்கம் நின்றது என்பதைத் தமிழர் அறிதல் வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஓர் ஒலிப்பதிவின் உரிமை அதனை ஏற்பாடு செய்த பதிவாளனுக்கே உரியது. பாடியவர்க்கு அச் சட்டம் தொடக்கத்தில் யாதோர் உரிமையும் வழங்கவில்லை. பணம் பெற்றுத் திரைப்படத்திற்கு ஆக்கித் தந்த பாட்டின் முதலுரிமை, மாறான உடன்படிக்கை இல்லாதவிடத்துப் படமுதலாளிக்கே என்று 1977-இல் இந்திய உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. பாடுநர் வெறுங்கையராய் நிற்பதை அத் தீர்ப்பிலேயே நடுவர் கிருட்டிண ஐயர் குறையாகச் சுட்டினார். அக் குறை நீங்கத் தொடங்கியது 1994-இல். இன்று பாடுநர் உரிமை ஐம்பதாண்டும், ஒலிப்பதிவுரிமை அறுபதாண்டும் நிற்கின்றன.

2012-ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றொரு காப்பளித்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ஆக்கத்தால் வரும் ஊதியத்தில் ஒப்பப் பங்கு பெறும் உரிமையை நிறுவனத்திற்கு எழுதிக்கொடுத்துவிட இயலாது, எழுதிக்கொடுப்பினும் செல்லாது. எனினும், யாத்தவர் பெயர் அறியப்படாத மலைப்பாட்டிற்கு இக் காப்பு எங்ஙனம் பொருந்தும்? அதற்கு எஞ்சியிருப்பது பாடியவரின் பாடுநர் உரிமை ஒன்றே. அதனையும் படித்துப் பாராமல் கையொப்பமிட்டு இழப்பின், ஊரார் பொதுச்செல்வத்தின் பயன் ஒரு நிறுவனத்தின் பேரேட்டில் போய் ஒடுங்கும்.

பெருநிறுவனத்தை விட்டு விலகித் தன்னுரிமையாக இசைப்போர்க்கேனும் இடர் இல்லையோ எனின், உண்டு. 2021-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ப் பாட்டை நினைக்க. பெயரிற் பாதி ஆங்கிலம் என்னும் வருத்தம் ஒருபுறம் இருக்க, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்த தமிழரின் துயர் அதனுள் ஒலிக்கின்றது. சொற்களை யாத்துப் பாடியவர் அறிவு. உடன் பாடியவர் தீ. இசைத்தவர் சந்தோசு நாராயணன். தன்னுரிமை இசைஞர்க்கென்றே தோன்றிய ‘மாச்சா’ என்னும் அமைப்பு அதனை வெளியிட்டது. மூன்றாண்டு கடந்தும் தங்கட்கு அதனால் வருவாய் யாதும் வந்து சேரவில்லை என்று 2024 மார்ச்சுத் திங்களில் இசையமைப்பாளர் வெளிப்படையாகக் கூறினார். வழக்கின் மெய்ப்பொய்களை ஆய்வது மன்றத்தின் வேலை. புகழ்பெற்றோரே தம் கணக்கறியாது நிற்பர் எனின், வெள்ளிமலைச் சிற்றூரில் பாடுபவர் நிலை என்னாகும் என்பதே ஈண்டுக் கேள்வி.

இணையம் எல்லார்க்கும் கதவு திறந்துள்ளது என்பர். அக் கதவுக்கும் வாயில் காப்போன் உளன். இசுப்பாட்டிபை என்னும் பெரும் இசைத்தளம், ஓராண்டில் ஆயிரம் முறை கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு அதன் பங்குத்தொகை இல்லையென 2024 முதல் வரையறுத்துள்ளது. மலையூர்ப் பாட்டும் கூவாகத்து ஒப்பாரியும் சிற்றூர்த் தெருக்கூத்தும் இவ் வரம்பின் கீழேயே மடிய நேரலாம்.

பதிவுக்கூடமும் பரப்பும் ஆற்றலும் நிறுவனத்தாரிடம் உள்ளமை மெய்யே. செலவிட்டவன் ஊதியம் பெறுதல் முறையே. ஆயின், விளைந்ததில் பங்கு கொள்வது வேறு. வயலையே எழுதி வாங்குவது வேறு. அமெரிக்கப் பாடகி தெய்லர் சுவிப்டின் முதல் ஆறு தொகுப்புகளின் மூல ஒலிப்பதிவுகள் 2019-இல் பிறர்க்கு விற்கப்பட்டன. அவர் அவற்றுள் நான்கனை மீண்டும் பாடிப் பதிந்து வெளியிட்டார். 2025-இல் மூலப் பதிவுகளையும் விலை கொடுத்து மீட்டார். பெருஞ்செல்வமுடைய அவர்க்கு அது இயன்றது. ஏழைப் பாடகர்க்குக் காப்பு, தொடக்கத்திலேயே இழவாதிருத்தல்தான்.

ஆகலின், கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பகுதித் தமிழிளைஞர் ஊர்தோறும் சென்று பாட்டுகளைத் தாமே பதிவு செய்க. பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பதிவொடு சேர்த்து எழுதுக. மூலப் பதிவு ஊரார் கையிலேயே இருக்கட்டும். எழுத்துமூலமான உடன்படிக்கையன்றி எவர்க்கும் தராதிருக்க. காலவரை குறியாத உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கே செல்லும் என்றும், நாட்டெல்லை குறியாதது இந்திய எல்லைக்கே செல்லும் என்றும் சட்டம் கூறுகின்றது. ‘என்றென்றைக்கும், உலகம் முழுமைக்கும்’ என்னும் சொற்களை நிறுவனத்தார் தவறாது எழுதுவது இதனாலேயே. அச் சொற்களைக் கண்டவிடத்துக் கை நிற்க!

தமிழக அரசுக்கும் கடமை உண்டு. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் தமிழ்ப்பாடகர் கைந்நாட்டு வைக்கும் இழிநிலை ஒழிதல் வேண்டும். எளிய தமிழில் முன்மாதிரி உடன்படிக்கை ஒன்றனை இயல் இசை நாடக மன்றமும் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியமும் ஆக்கி, ஒவ்வொரு கலைஞர்க்கும் வழங்குக.

மொழி காப்போர் சொல்லை மட்டும் காத்தாற் போதாது. அச் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்த வாயையும் காத்தல் வேண்டும். பாட்டு மலையினுடையதாயின், அதன் பயனும் மலையேறுக!